சகாதேவனின் கைச்சத்தம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கரடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி தங்கி விலங்கு பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களில் யாராவது ஒருவர், "கரடி, சிறுத்தை ஏதாவது வருமா சார்?" என்று கேட்காமல் போனதில்லை. எங்களிடம் இருப்பது நீர்நாய். அதைப் பார்க்கவே விடிய விடிய வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மண்திட்டின் நுனியில், சவுக்குக் கழி நட்டு, பனை ஓலை வேய்ந்து, ஐந்தாறு பேர் குந்தும்படி ஒரு மறைவிடம் கட்டியிருக்கிறோம். கண் மட்டத்தில் ஒரு நீளத் துவாரம், கீழே தண்ணீரை ஒட்டி இன்னொன்று. என் பெயர் சிவசங்கர், ஊர் காட்டூர். நீர்நாய்களைக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன அமைப்பு என்னை அந்த மறைவிடத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறது.

அங்கே என்னோடு வழிகாட்டியாக இருந்த ராஜாத்தி அதை ஒருநாளும் மறைவிடம் என்று சொன்னதில்லை. கூண்டு என்பாள்.

"நாயி வெளில சுத்தினுகீது, நாம கூண்டுக்குள்ள குந்தினுகீறோம். யாரு சார் யார வேடிக்க பாக்குறது?"

என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆனாலும் அவள் என்னை சார் என்பாள், நான் அவளை ராஜாத்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ராஜாத்தியின் ஆள்களுக்குக் கைதான் வலை. ஏரியில் வலைக்கும் படகுக்கும் வேறு ஆள்கள் இருக்கிறார்கள். இவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே போவார்கள். உள்ளங்கைக்குக் கீழே இறால் துள்ளினால் அப்படியே அமுக்கிப் பறியில் போடுவார்கள். பறி என்பது பனைநாரில் பின்னிய, வாய் சிறுத்த கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே. அதனால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி நெஞ்சுக்கு முன்னால் மிதந்துகொண்டு கூடவே வரும்.

வாயில் கயிறு இருக்கும்போது பேச முடியாது. அமாவாசையை ஒட்டிய இருட்டில் பக்கத்தில் இருக்கிறவரின் முகமும் தெரியாது. ஆகவே தண்ணீரின்மேல் தட்டுவார்கள். உள்ளங்கையைக் குழித்து ஒரே ஒரு தட்டு. "இருக்கியா?" என்று அதற்கு அர்த்தம். கேட்டவர் யாராக இருந்தாலும் திருப்பி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். "இருக்கேன்." அவ்வளவுதான் அவர்களுடைய ராத்திரிப் பேச்சு. பகலில் பேச்சுவார்த்தை அறுந்துபோனவர்கள்கூடத் தண்ணீரில் தட்டினால் பதில் தட்டிவிடுவார்கள். தட்டாமல் இருப்பது, செத்துப் போ என்று சொல்வதற்குச் சமம் என்று ராஜாத்தியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ராஜாத்தி கூண்டுக்கு வந்தது அவள் விரல்களால். முப்பது வருஷம் சேற்றைத் தடவித் தடவித் தோல் வெடித்து, மருந்துக்கும் அடங்காமல் போய், பொன்னேரி டாக்டர் ஆறு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது நான் நீர்நாய் எங்கே ஒதுங்குகிறது என்று தெரியாமல் கரையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் மண்திட்டில் ஒரு இடத்தைக் காலால் காட்டினாள். மீன் செதில் மினுங்குகிற எச்சம் குவிந்து கிடந்தது.

"இது அதுங்களோட கக்கூசு சார். இங்க வராம எங்க பூடும்?"

அங்கேயே கூண்டைக் கட்டினோம். வருகிறவர்களுக்கு வழிகாட்ட அவளையே வைத்துக்கொண்டேன். முதல் ராத்திரி, நீர்நாய் ஒன்று பத்தடி தூரத்தில் முன்கால்களில் பிடித்தபடி கெளுத்தியைத் தலையிலிருந்து நறுக் நறுக்கென்று தின்றதை, இருட்டில் பார்க்கும் பைனாகுலரில் அவளுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இத்தினி வருசமா கால்ல இடிச்சிகினு போனதுங்க சார். இப்பதான் மூஞ்சியப் பாக்குறேன்" என்றாள்.

அவளுடைய கணவர் சகாதேவன் அதிகம் பேசாதவர். சுண்ணாம்புக்குளத்தில் கையால் இறால் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்து, எடுக்க வேண்டியதாகிவிட்டது. கூண்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி, ஆறு ஏரியில் கலக்கும் ஆற்று வாய்ப் பக்கம் அவர் வழக்கமாகத் தடவும் இடம். ராத்திரியில் தட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ராஜாத்தி எனக்குக் காதில் சொல்வாள்.

"இது முனியம்மா. வளையலும் சேந்து கேக்குது பாருங்க."

இன்னொரு தட்டு.

"இது எங்க வூட்டுக்காரரு. ஒரு வெரலு இல்லல்ல, சத்தம் ஓட்ட பானை மாதிரி வரும்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு குழைவு வரும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆனவள். ஒரே மகள் ஜமுனாவைத் தடாவில் கட்டிக்கொடுத்துப் பேரனும் எடுத்துவிட்டாள். எனக்குக் கேலி செய்யத் தோன்றும், ஆனால் செய்ய மாட்டேன்.

கூண்டின் சட்டத்தை எழுதியவன் நான். விளக்கு கூடாது, பீடி கூடாது, பேச்சு கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது. வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். நீர்நாய்க்குத் தண்ணீரில் விழும் சின்னச் சத்தமும் போதும், குடும்பத்தோடு காணாமல் போய்விடும். ஆகவே சகாதேவன் தட்டினால் ராஜாத்தி பதில் தட்டக் கூடாது. இந்தச் சட்டம் அவளை என்ன செய்யச் சொல்கிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் சகாதேவன் பொறுத்துக்கொண்டார். மார்கழியில் ஒருநாள் காலை கரையில் என் முன்னாலேயே அவளைக் கேட்டுவிட்டார்.

"ராத்திரி நாலு தபா தட்டுனேன். காதுல வுழுந்துச்சா, இல்லியா?"

"வுழுந்துச்சு."

"வுழுந்தும் சும்மா குந்திகினு இருந்த."

"சட்டம் அது. சாரு சொல்லிக்கீறாரில்ல."

"மிருகத்துக்காக வாய மூடிக்கிற, சரி. மனுசனுக்குக் கையுமா மூடிப்ப?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் காது கேளாதவன் மாதிரி முக்காலியை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் வேண்டுமென்றே கூண்டுக்குக் கிட்டே வந்து தட்ட ஆரம்பித்தார். இரண்டு ராத்திரி நீர்நாய் தலை காட்டவில்லை. மூன்றாம் ராத்திரி அவர் தட்டியதும், ராஜாத்தியின் கை என்னையும் அவளையும் கேட்காமல் கீழ்த் துவாரத்தில் நுழைந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டது. கரையேறிக்கொண்டிருந்த நீர்நாய் சடாரென்று தண்ணீருக்குள் மறைந்தது. வந்திருந்த நாலு பேரும் உச்சுக் கொட்டினார்கள். விடிந்ததும் அவர்கள் எதிரிலேயே நான் கத்தினேன்.

"இன்னொரு தடவ கைய விட்ட, கூண்டுப் பக்கமே வராத. உங்க புருஷன் பொண்டாட்டி கொஞ்சலுக்கு இது இடமில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். ராஜாத்தியின் முகம் சுண்டிப் போயிற்று. எதற்கும் வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள், அன்றைக்குத் தெர்மாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி. நல்ல குளிர், காற்றே இல்லை, ஏரி தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பெரிய கேமராவோடு வந்திருந்தார்கள். மூன்று வாரமாக ஒரு தாய் நீர்நாய் புதுக் குட்டிகளோடு சுற்றுவதாகத் தடம் சொன்னது, ஆனால் யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தே தீர வேண்டும் என்று நான் வெறியாக இருந்தேன். குட்டிகளின் கீச்சுச் சத்தத்துக்காகக் கூரையில் ஒலிப்பதிவு இயந்திரத்தையும் ஓடவிட்டிருந்தேன்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு முதல் தட்டு. ஓட்டைப் பானைச் சத்தம்.

ராஜாத்தி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. அவள் இருட்டில் என் பக்கம் திரும்பினாள் என்பது புடவைச் சரசரப்பில் தெரிந்தது. நான் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திட்டின் நுனியில் ஏதோ நகர்ந்தது. மூன்றாவது தட்டு கேட்டபோது அவள் கை கீழ்த் துவாரத்துக்குப் போயிற்று. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கித்தான் பிடித்தேன்.

"கைய எடு. இன்னிக்கிக் கெடுத்தா இதோட சரி" என்று அவள் காதில் சொன்னேன்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோவத்துல தட்டுறாரு சார்" என்றாள், மூச்சுக் காற்றிலேயே. தட்டட்டும் விடு என்றேன்.

பிறகு தாய் வந்தது. பின்னாலேயே மூன்று குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபடி. தாய் ஒரு மீனைப் பிய்த்துப் போட, குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு அடித்துக்கொண்டன. இருபது நிமிஷம் இருந்திருக்கும். கேமராக்காரர் உணர்ச்சிவசப்பட்டு என் தோளைத் தட்டினார். தூரத்தில் தட்டுச் சத்தம் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது. முந்நூறு அடியிலேயே இருந்தது, கிட்டே வரவில்லை. அதனால்தான் நீர்நாய் மிரளவில்லை. வம்புக்குத் தட்டுகிறவர் ஏன் இன்றைக்குக் கிட்டே வரவில்லை என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு இருபது நிமிஷம் இருந்ததில்லை, அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

விடிந்ததும் ராஜாத்தி முதலில் வெளியே வந்தாள். கையைத் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறித்தாள்.

"எங்க ஆளு இன்னிக்கி மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருப்பாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்து சரிகட்டணும்" என்றாள்.

சொல்லிவிட்டு ஆற்று வாய்ப் பக்கம் பார்த்தாள். சகாதேவன் நெஞ்சளவுத் தண்ணீரில், யாரோ எப்போதோ நட்டுவைத்த ஒரு வலைக் கழியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தது. ராஜாத்தி அழைத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். பாதி தூரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் எழுப்பிய சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. பறிக் கயிறு அவர் பல்லிலேயே இருந்தது. பறி நிறைய இறால், பாதி இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

நெஞ்சுவலி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கத்துவதற்கு மூச்சு இருந்திருக்காது, கையை அசைக்கத்தான் முடிந்திருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். உடனே தூக்கி வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஊரில் ராஜாத்திக்குச் சமாதானம் சொன்னார்கள். அவர் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கோபத்தில் விட்டிருப்பார், வலி வந்தது விடியற்காலையில்தான், உன்னைக் கூப்பிடவே நேரம் இருந்திருக்காது என்றார்கள். முனியம்மாவும் மற்றவர்களும் அன்றைக்குத் தெற்கே போயிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கேட்டவர்கள் கூண்டில் இருந்த நாங்கள்தான்.

அன்றைக்கு ராத்திரி காட்டூரில் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டி, பதிவைக் கேட்டேன். மொத்தம் பதினொரு தட்டு. இரண்டு பத்துக்கு முதலாவது, இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடைசி. போகப் போக இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. எட்டாவதிலிருந்து அது தட்டுப்போலவே இல்லை, கை தண்ணீரில் விழும் சத்தம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் ஒரு ஆள் குரல். "கைய எடு. இன்னிக்கிக் கெடுத்தா இதோட சரி." கூரையில் இருந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான்தானே இருந்தேன், தெளிவாக விழுந்திருந்தது.

மூன்று தடவை கேட்டேன். பிறகு அழித்துவிட்டேன். ராஜாத்தி இதைக் கேட்டால் தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்யை நம்பவும் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது ராஜாத்தி சொம்போடு வந்தாள்.

"சார், கூரைல வைப்பீங்களே ஒரு மிசினு, அதுல அன்னிக்கி சத்தம் இருக்குமா?"

"பேட்டரி போயிடுச்சி அன்னிக்கி" என்றேன்.

"அப்டியா" என்று என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

அதோடு அவள் கூண்டுக்கு வரவில்லை. விரல் ஆறியும் ஆறாமலும் மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டாள், அதுவும் ஆற்று வாய்ப் பக்கமே. நான் வேறு ஆள் வைத்துக்கொண்டேன். அந்தத் தாயும் குட்டிகளும் இருந்த படங்கள் எங்கெங்கோ போய்ப் பாராட்டு வாங்கின. நிறையப் பேர் வர ஆரம்பித்தார்கள்.

இந்த வருஷம் தை அமாவாசைக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரம், நான் தனியாக ஓலை மாற்றிக்கொண்டிருந்தபோது பறியோடு வந்தாள். வாசலில் தொங்கிய அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

"பதினொண்ணு சார்" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

"எண்ணிகினுதான் இருந்தேன். ஊர்ல ரெண்டுன்றாங்கோ. நான் ஒண்ணும் சொல்லிக்கல. எட்டாவது தட்டுலயே எனக்குத் தெரிஞ்சி பூட்ச்சி, இது கோவம் இல்லனு. இருந்தும் குந்திகினு இருந்தேன் பாருங்க. அடுத்ததுக்கு எய்ந்திரிப்போம், அடுத்ததுக்கு எய்ந்திரிப்போம்னு."

"ராஜாத்தி..."

"திட்ட வரல சார். ஜமுனா கல்யாணத்துல எடுத்த ஒரு போட்டோதான் கீது, அதுலயும் மூஞ்சிய அப்பால திருப்பிகினு கீறாரு. அந்த ஆளுனு சொன்னா எனக்கு அந்தக் கைச் சத்தம்தான். உங்க மிசின்ல இருந்தா ஒரே ஒரு தபா போடுங்க. தண்ணிகிட்ட நின்னு பதினொண்ணுக்கும் பதில் தட்டிட்டுப் போயிடறேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்போதாவது பேட்டரி போய்விட்டது என்ற பொய்யிலேயே நின்றிருக்கலாம். முடியவில்லை. இருந்தது, அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கும்வரை காத்திருந்தேன். கேட்டாள். என் குரல் அதில் இருந்தது என்றேன்.

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உங்க கொரல அழிக்க அவரு கையையும் சேத்து அழிச்சிட்டீங்க" என்றாள். பிறகு, "நீங்களும்தான் கேட்டீங்க சார். கேட்டவங்க தட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

அன்று ராத்திரி கூண்டுக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். பதினொரு மணி சுமாருக்கு ஆற்று வாய்ப் பக்கமிருந்து ஒரு தட்டு கேட்டது. அவள் கைதான். திட்டில் அப்போது ஒரு நீர்நாய் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. நான் கீழ்த் துவாரத்தில் கையை விட்டு, உள்ளங்கையைக் குழித்து, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நீர்நாய் மறைந்தது. ஐந்து பேரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மறுபடி ஒரு தட்டு வந்தது. மறுபடி தட்டினேன். மூன்றாவதற்கும் தட்டினேன். அதற்கப்புறம் சத்தமே இல்லை. பயந்துபோய் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

ராஜாத்தி கூண்டைப் பார்த்துத் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தாள். கரைக்குக் கிட்டே வந்து நின்று, வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"நீங்க தட்டாதீங்க சார்."

"கேட்டவங்க தட்டணும்னு நீதானே..."

"சொன்னேன். இருட்டுல கேட்டா தாங்கல." டார்ச் வெளிச்சத்தில் அவள் என் வலது கையைப் பார்த்தாள். "உங்க கைல அஞ்சு வெரலும் கீது சார்."

கயிற்றைத் திரும்பப் பல்லில் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவளால் பேச முடியாது. ஆற்று வாயைப் பார்த்து முட்டி போட்டுத் தடவிக்கொண்டே போனாள்.